வலது கண்ணின் சாட்சி

என் வலது கண்ணைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் சூனியம் என்கிறார். இன்னொருவர் பொய்ச் சாட்சிக்குக் கிடைத்த கூலி என்கிறார். ஆனால் என் முகத்துக்கு நேரே எல்லாரும் "இப்ப எப்பிடி போடியார், சுகமா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது வரும் சிரிப்பை நான் நம்புவதில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தவன் நான். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. எங்கள் ஊர் காத்தான்குடிக்குத் தெற்கே வாவிக்கரையில் உள்ள ஒரு சின்ன முஸ்லிம் ஊர். அதன் பெயரை எழுதமாட்டேன். காரணம் வாசிக்கிறவர்களுக்குப் போகப் போகப் புரியும்.

வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் விழும் திசையில் இருப்பதால் நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பூமியில் எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. வயல்காரனைத்தான் எங்கள் பக்கம் போடியார் என்பார்கள். வேளாண்மை வெட்டி, கதிர்ப் போரான சூட்டை மிதித்து நெல்லைத் தூற்றும் நாளில் நான் களத்தை விட்டு அசையமாட்டேன். தூற்றுகிறவன் வேண்டுமென்றே கையைத் தாழ்த்தி நல்ல நெல்லையும் பதரோடு பறக்கவிடுகிறான், பிறகு தன் ஆட்களை விட்டுக் கூட்டி அள்ளுகிறான் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அந்த வருடம் அதைக் கையும் மெய்யுமாகப் பிடித்துவிடுவது என்று காற்று அடிக்கும் பக்கமாகப் போய்க் குனிந்து நின்றேன். பதரோடு வந்த ஓர் உமி நேரே வலது கண்ணில் அடித்தது. கீழே விழுந்த பதரை அளைந்து பார்த்தேன். அதில் நெல் இருக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கண் சிவந்து நீர் கொட்டியது. என் மனைவி ஆசியா உம்மா நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்துக் கட்டினாள். சிவப்பு மாறியது. வலி போனது. கண் சுகமாகிவிட்டது என்று நானும் நினைத்தேன், எல்லாரும் நினைத்தார்கள்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு நாள் பொழுதுபடும் நேரம், ஆசியா விளக்கைக் கொளுத்தி வைத்தாள். எனக்கு இரண்டு சுடர் தெரிந்தது.

"என்னத்துக்குப் புள்ள ரெண்டு திரி போட்டிருக்காய்?" என்று கேட்டேன்.

"ஒண்டுதானே போட்டிருக்கன்" என்றாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. நான் எழுந்து வருவதற்குள் மற்றதை உருவி ஒளித்துவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரியை ஒளித்தவளின் பார்வை என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

இனிப் பிறையின் கதைக்கு வருகிறேன். வேறு மார்க்கத்தவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் மேற்கு வானத்தில் புதுப் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு தொடங்கும். தெரியாவிட்டால் ஒரு நாள் கழித்துத் தொடங்கும். நோன்பைத் தொடங்குவதற்கு நேர்மையான ஒருவர் பிறையைக் கண்டதாகச் சாட்சி சொன்னாலும் போதும். எங்கள் ஊரில் அந்த ஒருவர் பெரும்பாலும் நானாகவே இருந்தேன். எனக்கு இருந்த மதிப்பெல்லாம் அதுதான். வயல் என்னைவிட மற்றவர்களுக்கு அதிகம் இருந்தது.

அந்த வருடம் நோன்பு மாரி காலத்தில் வந்தது. தோணித்துறையில் முப்பது நாற்பது பேர் நின்றோம். மேற்கே ஒரே மேகம். எங்கள் ஊரில் பிறை பார்க்கிறவர்கள் செய்வதுபோலக் கையைக் குழலாக மடித்து வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். படுவான்கரை மரங்களுக்கு மேலே மேகம் கொஞ்சம் கிழிந்தது. அந்தக் கிழிசலில் மெல்லிய, சாய்ந்த, ஒளியுள்ள ஒரு வளைவு.

"கண்டுட்டன்" என்றேன்.

மற்றவர்கள் திரும்புவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. பள்ளிவாசல் ஆலிம்சா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணிச் சொன்னேன். பள்ளியில் நகரா முரசு அடித்தார்கள். ஊர் மறுநாள் நோன்பு பிடித்தது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு ஒரு நாள் பிந்தித்தான் தொடங்கியது. அவர்களுக்கு மேகம், எங்களுக்குக் கிழிசல் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மறுநாள் அந்தியில் எல்லாரும் பிறையைக் கண்டபோது, ஆசியாவின் தம்பி உதுமான் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டாம் பிறை இவ்வளவு மெலிசாவா மச்சான் கிடக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

மெதுவாகக் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் காதில் விழவேண்டும் என்பதற்காகவே சிலர் மெதுவாகப் பேசுவார்கள். என் இடத்துக்கு வரப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

முப்பதாம் நோன்பு அந்தியில் வானம் துடைத்து விட்டதுபோல இருந்தது. பிறை இல்லை. யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முப்பத்தொரு நாள் கிடையாது என்பதால், முப்பது நிறைந்தது, நாளை பெருநாள் என்றார் ஆலிம்சா. ஆனால் சனங்கள் கலையவில்லை. தெளிந்த வானத்தில் பிறை இல்லையென்றால் முதலில் கண்டதாகச் சொன்ன பிறை எது என்று ஒருவர் கேட்டார். யார் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெருநாளில் நோன்பு பிடிப்பது கூடாது. நோன்பு நாளில் பெருநாள் கொண்டாடுவதும் கூடாது. எங்கள் ஊரில் ஒரே நாளில் சிலர் ஒன்றைச் செய்தார்கள், பலர் மற்றதைச் செய்தார்கள். உதுமான் நோன்பு பிடித்தான். அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆசியா எங்கள் வீட்டில் வட்டிலப்பம் அவித்தாள், இறைச்சி சமைத்தாள், வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினாள். அவள் வாயில் ஒரு பருக்கை போனதை நான் காணவில்லை. கேட்டேன்.

"அடுப்புப் புகையில நிண்டு பசியே செத்துப் போயிட்டு" என்றாள்.

அதை நான் மனதில் முடிந்து வைத்தேன். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், ஐம்பதைத் தாண்டியவள், என் சொல்லை நம்பவில்லையா? கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஊர்வாயை மூட ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் நடுப்பகலில் பத்துப் பேரைத் தோணித்துறைக்குக் கூட்டிப்போய், இடது கண்ணைத் துணியால் கட்டச் சொல்லி, வாவிக்கு அக்கரையில் மேயும் மாடுகளை வலது கண்ணால் மட்டும் எண்ணினேன். பதினொன்று என்றேன். தோணியில் போய்ப் பார்த்தார்கள். பதினொன்றுதான். அன்று இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே நேரத்தில் சாப்பிட்டேன். ஆனால் அந்தியில் விளக்கு வைத்தவுடன் அந்த இரண்டாவது சுடர் வந்து நின்றது. கண்ணில் நீர் கோத்திருக்கிறது என்று துடைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. ஹஜ்ஜு மாதம் பிறந்த கிழமையில் ஒரு காலை வலது கண் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. தலையின் ஒரு பக்கம் முழுதும் குத்தியது. பூ வைத்தோம், கேட்கவில்லை. மூன்றாம் நாள் உதுமான் மாட்டுக் கரத்தையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "ஆஸ்பத்திரிக்குப் போவம் மச்சான்" என்றான். அவனை யார் கூப்பிட்டது என்று ஆசியாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே பாயைச் சுருட்டிக் கொண்டிருந்தாள்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து ஒரு கண் டொக்டர் வந்து தங்கியிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மெல்லிய ஆள். காத்திருக்கும் வாங்கில் இரண்டு மணி நேரம் இருந்தோம். கண்ணைக் கட்டியவர்கள், கண்ணைப் பொத்தியவர்கள், கண்ணே இல்லாத ஒருவர். அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்தபோது டொக்டர் கண்ணில் ஒரு மஞ்சள் மருந்தை விட்டார். கழுவினார். வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு. அதில புண். புண் உள்ள இடத்தில மருந்து பச்சையாப் பிடிச்சிருக்கு. முந்தியும் இதில ஏதும் அடிபட்டதோ?"

"இல்ல" என்றேன்.

"உமி அடிச்ச" என்றாள் ஆசியா, என் பின்னாலிருந்து.

"அப்ப ஆறின தழும்பு அதுதான். அதுக்குப் பக்கத்திலதான் இப்ப திரும்பக் கிளம்பியிருக்கு. இங்க வாட்டில படுக்கவேணும்."

"கண் போயிருமா?" என்று கேட்டது ஆசியாதான்.

"இப்ப ஒண்டும் சொல்லேலாது. புண் உள்ளுக்கு இறங்காட்டிக் காப்பாத்தலாம்."

வெளியே வரும்போது அந்த டொக்டர் உதுமானைப் பார்த்துத் தலையசைத்ததை என் ஒற்றைக் கண்ணால் கண்டேன். உதுமான் அந்த ஆஸ்பத்திரிக் குசினிக்கு அரிசி கொடுக்கிறவன். எல்லாம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் கண் பழுது என்று ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், நான் பொய்யன் என்பதற்கு அது கடதாசியோடு சாட்சி. ஆகவே இந்த வாசலுக்குள் பிறை என்ற சொல்லையே எடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆசியாவிடமும் அதைச் சொன்னேன்.

"சரி" என்றாள். "உதுமானையும் வாட்டுக்குள்ள வரவேணாமெண்டு சொல்லு" என்றேன். அதற்கும் "சரி" என்றாள்.

முதல் பத்து நாளும் வலது கண்ணுக்குக் கட்டு. இடது கண்ணையும் அசைக்கக் கூடாது என்று அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இரண்டு கண்ணும் கட்டப்பட்டவனின் நாள் எவ்வளவு நீளம் என்பதை அனுபவித்தவன்தான் அறிவான். மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் தாதியின் சப்பாத்துச் சத்தம், தரை கழுவும் வாளியின் சத்தம், வாவியிலிருந்து வரும் காற்று. காலையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. பகலில் வெந்நீர் ஒத்தடம். அந்தியில் மறுபடியும் சொட்டு. விரிய விட்டால்தான் உள்ளே ஒட்டிக்கொள்ளாது என்றார்கள். என்னத்தை விடுகிறார்களோ என்று ஒவ்வொரு தடவையும் போத்தலைக் கேட்டு வாங்கி மணந்து பார்த்தேன். மிஸ்ஸி பொறுமைசாலி. பிறகு பிறகு நான் கேட்காமலே போத்தலை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டுத்தான் மருந்தை விடுவாள்.

ஆஸ்பத்திரிச் சோற்றைத் தொடவில்லை. அது உதுமானின் அரிசி. ஆசியா தினமும் ஊரிலிருந்து கஞ்சியும் கறியும் கொண்டுவந்து ஊட்டினாள். அவ்வளவு தூரம் எப்படி வந்து போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கண்ணைப் பற்றிய பயத்தில் மற்றவர்களின் கால் வலி எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் செட்டிபாளையத்து மீன்பிடிகாரர் கணபதிப்பிள்ளை கிடந்தார். கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு பால்போல வெளுத்துப் போகும் வியாதி அவருக்கு, கண்புரை என்பார்கள். ஒரு கண்ணில் அறுத்து எடுத்தாயிற்று, கட்டோடு இருந்தார். மற்றக் கண் இன்னும் அறுக்கவில்லை. அந்த மனிதர் பேசிக்கொண்டே இருப்பார். எதற்காக இவ்வளவு பேசுகிறார், என் வாயைக் கிளறத்தானே என்று நான் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

பதினோராம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். புண் ஆறிவிட்டது என்றார் டொக்டர். எல்லாம் பளபளவென்று கலங்கலாகத் தெரிந்தாலும் தெரிந்தது. அழுதுவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து கணபதிப்பிள்ளையும் மூக்கை உறிஞ்சினார். அதற்குப் பிறகு அவரைச் சந்தேகிப்பது கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

அன்று அந்தியில் விறாந்தையின் கடைசியில் ஒரு விளக்கைக் கொளுத்தித் தொங்கவிட்டார்கள். நாங்கள் இருவரும் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தோம்.

"விளக்கைச் சுத்தி வானவில் வளையம் போட்டிருக்கானுகள், வடிவாத்தான் கிடக்கு" என்றார் அவர்.

நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். "வளையம் எங்க கிடக்கு? பொய் சொல்லாதீங்க."

"கண்ணால காணுறனே போடியார். வட்டமாக் கிடக்கு."

"வட்டமில்ல. ஒரு பக்கம்தான். சாஞ்சு, வளைஞ்சு, பிறை மாதிரி."

சொல்லிவிட்டேன். யார் வாயையும் அண்டவிடாமல் பதினொரு நாள் காத்த சொல்லை நானே என் வாயால் சொல்லிவிட்டேன்.

கணபதிப்பிள்ளை சிரித்தார். "பிறையா? ஆகாயத்தில கிடக்க வேண்டியது வாட்டுக்குள்ள வந்து என்ன செய்யுது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விறாந்தையில் இன்னொரு விளக்கு வந்தது. அதிலும் ஒரு பிறை. தெருவில் ஒரு கரத்தை போனது, அதன் அடியில் ஆடிய லாந்தரிலும் ஒரு பிறை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. படுவான்கரை மரங்களுக்கு மேலே கண்ட அதே சாய்வு. கட்டிலில் படுத்துப் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் டொக்டர் ஒரு வட்டத் தட்டோடு வந்தார். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள், நடுவில் ஓர் ஓட்டை. தட்டை என் கண்ணுக்கு முன் பிடித்து அந்த ஓட்டையால் பார்த்தார். பிறகு ஆசியாவைக் கூப்பிட்டார்.

"நீங்களும் பாருங்கோ அம்மா. இந்த வளையம் அவற்ற கண்ணில விழுந்து தெரியும். எப்பிடி இருக்கு?"

அவள் முதலில் இடது கண்ணைப் பார்த்தாள். "உருண்டையாக் கிடக்கு. பானை வாய் மாதிரி."

"மற்றக் கண்?"

அவள் வெகு நேரம் பார்த்தாள். அவளுடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. "கீழ்ப் பக்கம் நெளிஞ்சு கிடக்கு" என்றாள். "சூட்டில வளைஞ்ச பாட்டுப் பிளேட் மாதிரி."

டொக்டரை நான் நம்பாமல் இருந்திருப்பேன். அவரை உதுமான் அரிசி கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆசியாவை எதைக் கொடுத்து வாங்குவது? அவள் குரல் உடைந்துபோயிருந்தது. ஆகவே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேகக் கிழிசலையும் சத்தியத்தையும் பெருநாளையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை இருட்டறைக்குக் கூட்டிப்போய் ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் விடும் விளக்கை வைத்தார். வலது கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். பிறை நின்றது.

"இப்ப தலையை வலப் பக்கம் சரியுங்கோ."

சரித்தேன். பிறையும் என்னோடு சரிந்தது.

"வானத்தில உள்ள பிறை எண்டால் உங்கட தலையோட சேந்து சரியாது. இது உங்கட கண்ணுக்குள்ள இருக்கிறது. வெளிச்சம் ஒரு புள்ளியா வருது. கண்ணின்ர முன் தோல் ஒழுங்கா வளைஞ்சிருந்தால் அது உள்ளுக்கும் ஒரு புள்ளியாத்தான் விழும். உங்கடது தழும்பால கோணியிருக்கு. அதால புள்ளி இழுபட்டு வளைவா விழுது."

"அப்ப நான் கண்டது?"

"மாரியில அந்த நேரம் மேற்கில வெள்ளி நிண்டது. நானே பாத்தனான். வெள்ளியைத்தான் கண்டிருப்பியள்."

எனக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. பதினொரு மாட்டின் கதையைச் சொன்னேன். கண் பழுது என்றால் அதை எப்படி எண்ணினேன்?

"அது நடுப்பகல். வெயிலில கண்மணி சுருங்கும். கோணின இடத்தை அது மறைச்சுப் போடும், நடுவால மட்டும் பார்ப்பியள். அந்தியில விரியும், கோணின இடத்தாலயும் வெளிச்சம் உள்ள போகும்." ஒரு மட்டையில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு என் கையில் தந்தார். "இதுக்குள்ளால விளக்கைப் பாருங்கோ."

பார்த்தேன். பிறை இல்லை. ஒரு புள்ளி. வெறும் ஒரு புள்ளி.

நான் அன்று கையைக் குழலாக மடித்துத்தான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கி மடித்திருந்தால் போதும். இடது கண்ணைத் திறந்திருந்தாலும் போதும். நல்ல கண்ணைப் பத்திரமாக மூடிவிட்டுப் பழுதான கண்ணைச் சாட்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி உங்களுக்கு ஆரும் சொன்னதா?" என்று கேட்டேன். என் சுபாவம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அதற்கும் அவர் கோபிக்கவில்லை. "எல்லாற்ற கண்ணிலயும் கொஞ்சம் கோணல் இருக்கு ஐயா. நட்சத்திரத்துக்குக் கால் இல்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் காலோடதான் பாக்கிறம், அது எங்கட கண்ணின்ர கோணல். உங்கடது கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கண்ணாடி போட்டாலும் முழுக்கச் சரிவராது."

இருட்டறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குள் ஒரே கணக்கு. உமி அடித்தது அந்த வருடம்தான். அதற்கு முந்தி நான் கண்ட பிறைகளெல்லாம் பிறைகள்தான். நல்ல வேளை, கெட்டது அந்த ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றுக்கு ஒரு விலை இருந்தது. நான் வாயைத் திறந்து பிழை என்று சொன்னால், அன்று பெருநாள் கொண்டாடிய ஒவ்வொருவருக்கும் ஒரு நோன்பு கடனாகிவிடும். களா என்போம், விட்ட நோன்பைப் பின்னால் நோற்பது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. டொக்டர் கொழும்புக்குப் போய்விடுவார். கணபதிப்பிள்ளை செட்டிபாளையத்துக்குப் போய்விடுவார். ஆசியா பேசமாட்டாள். என் சாட்சி சாட்சியாகவே இருக்கும், அல்லாஹ் ஒருவனைத் தவிர வேறு யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

விறாந்தைப் படியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் உதுமான்.

"நீ எப்ப வந்தாய்?"

"ராத்தாவோட தினமும் வாறன்தானே" என்றான். "வாட்டுக்குள்ள வரவேணாமெண்டு சொன்னீங்களாம். அதான் இதில இருந்துட்டுப் போறன்."

பன்னிரண்டு நாளும் கரத்தையை ஓட்டி வந்தவன் அவன். வெயிலில் படியில் இருந்தவன் அவன். நான் தொடாமல் விட்ட சோறு அவன் அரிசி என்றால் ஆசியா ஊட்டிய கஞ்சியும் அவன் கரத்தையில் வந்ததுதான். பக்கத்தில் இருந்து நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். சந்தோஷம் இல்லை.

"உங்கட கண்ணில பிழை எண்டு ஊருக்குச் சொன்னா, பொய் சொன்னீங்க எண்ட கதை அதோட நிண்டிரும் மச்சான்" என்றான். "சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். நான் மூச்சு விடமாட்டன்."

இன்னும் ஆறு நாள் கிடந்தேன். பகலில் சொல்வது என்று முடிவெடுப்பேன். அந்தியில் விளக்குக் கொளுத்தும்போது வேண்டாம் என்று விட்டுவிடுவேன். கணபதிப்பிள்ளைக்கு இரண்டாவது கண்ணையும் அறுத்தார்கள். அதற்குப் போகும்போது அவர், "அந்த வளையத்தை இனிக் காணமாட்டன், போடியார். உங்களுக்கு உங்கட பிறையாவது மிஞ்சியிருக்கு" என்றார். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு விளக்கிலும் அந்தப் பிறையைப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறேன். மறந்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வது?

ஊருக்குப் போன அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்றேன். "நான் கண்டது பிறை இல்ல. வெள்ளி. என்ட கண் பழுது, எனக்குத் தெரியாமப் போச்சு. உங்க எல்லாருக்கும் என்னால ஒரு நோன்பு கடன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றேன்.

ஒருவர் இருமினார். அவரையும் குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு ஆலிம்சா, தெரியாமல் செய்ததற்குப் பாவம் இல்லை, ஆனால் நோன்பு கடன்தான், வருகிற திங்கட்கிழமை ஊர் முழுக்கச் சேர்ந்து நோற்போம் என்றார். வெளியே வந்தபோது சிலர் என் கையைப் பிடித்தார்கள். சிலர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெருநாளுக்குப் பிறகு மௌத்தாகி அடக்கமாகிப்போன ஒரு கிழவரின் மகன் என்னிடம் வந்து, "வாப்பாட நோன்பை நான் பிடிக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் கோபத்தோடு சொன்னானா, ஆறுதலுக்குச் சொன்னானா என்று நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட எனக்கு உரிமை இருக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்த பிறகு ஊர் முழுக்க அடுப்பு எரியவில்லை. கடன் ஏதும் இல்லாத உதுமானும் எங்களோடு சேர்ந்து நோன்பு பிடித்தான். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து வீட்டு வாசலில் இருந்தேன். குசினிப் பக்கம் கோப்பைச் சத்தம் கேட்டது.

ஆசியா விடியலுக்கு முன் ஆக்கியதில் மிஞ்சிய சோறும் மீன்கறியும் ஒரு கோப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒளிந்து சாப்பிட வீட்டில் எவ்வளவோ இடம் இருந்தது. அவள் எனக்கு நேரே, வெளிச்சம் விழும் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப உனக்குக் கடன் இல்ல" என்றேன். "எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு திரி எண்டு சொன்னீங்களே" என்றாள். "அண்டைக்கே."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். நான் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நல்ல கண்ணால், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.